சத்தத்தைச் சீவியவன்

பணிக்காலம் முழுவதும் வார்டில் நோயாளிகளைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்த என் மனைவி, ஓய்வு பெற்ற பிறகு ஆட்களை உதைத்து வீழ்த்துவதில் கெட்டிக்காரியானாள். கம்ப்யூட்டர் திரையில்தான். எங்கள் மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது தன் பழைய கம்ப்யூட்டரை வேலூர் வீட்டிலேயே விட்டுப் போனாள். அதில் ஒரு சண்டை விளையாட்டு இருந்தது. மரப்பலகை பரப்பிய ஒரு முற்றம். இரண்டு பக்கமும் இரண்டு பேர். யார் முதலில் விழுகிறாரோ அவர் தோற்றார். அவ்வளவுதான் கதை.

அதில் ஒருவன் கட்டைச் செருப்புப் போட்டிருப்பான். ஒருத்தியின் காலில் மணி இருக்கும். இன்னொருவன் பெருத்த குண்டன். நடந்தாலே மூச்சு வாங்கும். என் மனைவி எப்போதும் குண்டனைத்தான் எடுப்பாள்.

"பாவம், யாரும் அவனை எடுக்கறதில்ல. சுகர் பேஷண்ட் மாதிரி இருக்கறான்" என்பாள். பிறகு அந்தச் சுகர் பேஷண்டை வைத்து எதிராளியின் இடுப்பை உடைப்பாள்.

எதிராளி பெரும்பாலும் என் நண்பர். ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவர். பிறகு அங்கேயே கடைத்தெருவில் கேசட், சி.டி. விற்கும் கடை போட்டார். ஞாயிறு மதியம் பஸ் ஏறி வந்துவிடுவார். அவர் என்னை சார் என்பார், என் மனைவியை பாபி, அதாவது அண்ணி, என்பார். நான் அவரை பாய் என்பேன். அவர் எடுப்பது கட்டைச் செருப்புக்காரனை.

"பாபி, பெரியவங்களாச்சேன்னு விட்டுக் குடுக்கறேன்."

"குடுங்க பாய், குடுங்க. இப்ப இன்னா குடுத்தீங்க, முதுகைத்தானே?"

"அல்லா! இந்தக் கையா ஆஸ்பத்திரில ஊசி போட்டுச்சு? எத்தினி பேரு எழுந்து ஓடினானோ!"

"எழுந்து ஓடினா கொணமாய்ட்டான்னு அர்த்தம்."

நான் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மதியங்கள் அவை. அவற்றை நானே கெடுத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்து, ஆம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவன். பச்சைத் தோலை எடைபோட்டு வாங்குவோம். பதப்படுத்திய தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்போம். நடுவில், தோலின் உள்பக்கத்தை இயந்திரத்தில் சீவிச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவருவோம். எவ்வளவு சீவினாலும் அடி குறையாது. மேல்பக்கம் பளபளவென்று அப்படியேதான் இருக்கும். வாங்குகிறவர் பார்ப்பது அந்த மேல்பக்கத்தை. சட்டைப் பையில் கனம் பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டே நான் வருடக்கணக்கில் நடந்தேன். கண்ணுக்குத் தெரியாத கனம் வீண் என்பது எனக்கு ஒரு வேதவாக்கியம் போல ஆகியிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு சீவ ஒன்றும் இல்லை. அப்போதுதான் பாய் தன் கடைச் சங்கடத்தைச் சொன்னார். புது விளையாட்டுகள் இரண்டு டிஸ்க், மூன்று டிஸ்க் என்று வருகின்றன. ஆம்பூரில் அதையெல்லாம் பிரதி எடுத்துத்தான் விற்றார்கள். அதுவும் தவறுதான், அதில் எனக்கும் பங்கு உண்டு. வாங்க வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே டிஸ்க்கில் வேண்டும்.

"மூணு டிஸ்க்குன்னா ஜாஸ்தின்றான் சார். ஒண்ணுல போட்டுக் குடுன்றான். நான் இன்னா மாவா பெசையறேன்?"

நான் அந்த டிஸ்க்குகளைத் திறந்து பார்த்தேன். படங்கள் கொஞ்சம்தான் இடம் பிடித்திருந்தன. பெரும்பகுதி சத்தம். ஒவ்வொரு காலடியும், ஒவ்வொரு மூச்சும், இடது பக்கத்துக்கு ஒன்று வலது பக்கத்துக்கு ஒன்று என்று, கொஞ்சமும் சுருக்காமல், பச்சைத் தோல் போல மொத்தையாகக் கிடந்தது. எனக்குக் கோபமே வந்தது. இது என்ன ஊதாரித்தனம்? விளையாட்டு என்பது பார்ப்பதற்கு. அதற்கு இவ்வளவு பெரிய டிஸ்க் எதற்கு, இவ்வளவு சத்தம் எதற்கு? கத்தியை எடுத்துவிட்டேன். இடது வலது இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினேன். அதன் தரத்தையும் பாதியாகக் குறைத்தேன். ஆரம்பத்தில் வரும் சினிமாத் துண்டுகளைத் தூக்கினேன். மூன்று டிஸ்க் ஒன்றானது. திரையில் ஒரு புள்ளி குறையவில்லை.

பாய் கடையில் போட்டுப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் சப்புன்னு இருக்குதே சார். ரொம்ப சீவிட்டீங்க. தையல் நிக்காது."

"வாங்கறவன் படத்தைப் பாக்கறான் பாய். காதுக்கு இன்னா தெரியும்?"

யாரும் குறை சொல்லி வரவில்லை. அதனால் நான் சொன்னதே சரி என்று ஆனது. பாய் கடைக்கு வருகிற விளையாட்டுகளை எல்லாம் நான் சீவிக் கொடுத்தேன். அந்த வேலை வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. ஒரு நாள் அதில் இடம் போதவில்லை. எதை எடுக்கலாம் என்று பார்த்தால், என் மனைவியின் சண்டை விளையாட்டு ஒரு யானை அளவுக்குப் படுத்திருந்தது. அதையும் சீவினேன். அவள் அப்போது சந்தைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளிடம் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாயிடம் தோற்றாள். ஒருமுறை அல்ல, உட்கார்ந்த நேரம் முழுவதும். கட்டைச் செருப்புக்காரன் பின்னால் குதித்துப் போய் அடித்தால், குண்டன் முன்பக்கம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னா பாபி, இன்னிக்கு நோன்பா?" என்று பாய் சிரித்தார். அவருக்கே அந்த வெற்றி ருசிக்கவில்லை.

அவர் போன பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: "ஏங்க, கேம்ல ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லியே. அதேதான்."

இது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சீவிய தோலும் அதே தோல்தானே. நான் அதோடும் நிற்கவில்லை. "உனக்கு வயசாச்சு. குண்டனுக்கும் சேத்து" என்றேன். அவள் இன்னும் சில ஞாயிறுகள் முயன்றாள். பிறகு, "கை வலிக்குது" என்று விட்டுவிட்டாள். தானே பின்னிய வெள்ளை நூல் துணி ஒன்றைக் கம்ப்யூட்டர் மேல் போட்டு மூடினாள். பாய் வந்து டீ குடித்துவிட்டுச் சீக்கிரமே பஸ்ஸுக்குக் கிளம்பினார். "அடி வாங்காம டீ எறங்க மாட்டேன்றது பாபி" என்று வாசலில் நின்று சொல்வார். அவள் சிரித்து அனுப்புவாள்.

அந்த நாட்களில் வேறு சிலவும் நடந்தன. நான் பார்த்தேன், பார்த்தும் பார்க்கவில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவாள். கதவு நிலையில் தோள் இடித்துக்கொள்வாள். ஞாயிறு ஆராதனைக்குப் போனபோது எங்கள் சபைக் கோயில் படியில் ஒருமுறை தடுமாறினாள். "பாத்து நடக்கக் கூடாதா?" என்று பலர் எதிரில் அதட்டினேன். கண்ணுக்கு ஏதோ சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "வறட்சி" என்றாள். நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் தாளைத் திருப்பினேன்.

ஒரு மத்தியானம் சமையலறையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"சொல்லு."

"எனக்குக் கண்ணுல பிரஷர். ரொம்ப நாளா. பக்கவாட்டுல ஒண்ணும் தெரியல. நேரா மட்டும், சாவித் துவாரத்துல பாக்கற மாதிரி தெரியுது."

நான் கையில் இருந்த மொச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா பொண்ணு வேலைய விட்டுட்டு வந்து ஒக்காருவா. நீங்க அதட்டுவீங்க." இன்னொரு மொச்சையை உரித்துப் போட்டுச் சொன்னாள்: "கண்ணு கூடப் பரவால்லங்க. சமாளிச்சுட்டேன். கேம்ல நான் குண்டனை மட்டும்தான் பாப்பேன். பாயோட ஆளு எந்தப் பக்கம் வர்றான்னு கட்டைச் செருப்பு சத்தத்துல தெரிஞ்சுக்குவேன். இப்ப அதுவும் தெரியல. எல்லாம் நடுவுல கேக்குது. எனக்குக் காதும் போவுது."

 அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்ப வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வெளில சத்தம் எல்லாம் சரியா கேக்குதா?" என்றேன், டாக்டர் மாதிரி.

"கேக்குது. எந்தப் பக்கம்னு சில நேரம் தெரியுது, சில நேரம் தெரியல. குக்கர் விசில் கூட எங்கியோ அடிக்கிற மாதிரி இருக்குது."

பயந்தவருக்கு வீட்டில் எல்லாச் சத்தமும் ஒரே இடத்திலிருந்துதான் வரும் போலிருக்கிறது. அவளுடைய காதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். "நான்தான் கெடுத்தேன்" என்ற இரண்டு சொல் போதும். அதற்குப் பதிலாக, "ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று எழுந்தேன்.

மறுநாள் அவள் ஜெபக் கூட்டத்துக்குப் போன நேரத்தில், மகள் விட்டுப்போன, அந்தச் சண்டை விளையாட்டின் மூன்று டிஸ்க்குகளை அலமாரியிலிருந்து எடுத்தேன். நான் பாய்க்காகச் சீவி வைத்திருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, முழு விளையாட்டையும் மறுபடி ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை பாய் வந்ததும், "ஒரே ஒரு ஆட்டம் போடுங்க, சும்மா" என்று வற்புறுத்தினேன். அவள் நூல் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டம் ஆரம்பித்தது. கட்டைச் செருப்பு வலமிருந்து இடமாக டக் டக்கென்று ஓடியது. குண்டன் திரும்பினான். ஒரே உதை.

"யா அல்லா!" என்றார் பாய். "பாபி திரும்பி வந்துட்டாங்க!"

அவள் கையை எடுத்து இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் எங்கள் மகள் பிறந்த அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த முகத்தைக் காப்பாற்றத்தான் சும்மா இருந்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மானத்தைக் காப்பாற்றத்தான் சும்மா இருந்தேன்.

எங்கள் சபையில், பிறந்த நாளோ, மண நாளோ, நோய் குணமானதோ, எதுவானாலும் ஆராதனையில் குடும்பமாக முன்னே போய்ப் போதகர் கையில் ஸ்தோத்திரக் காணிக்கை உறையைக் கொடுப்பது வழக்கம். எதற்காக என்பதைப் போதகர் சபை முழுவதும் கேட்க வாசிப்பார். அவள் போக வேண்டும் என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். "மங்கியிருந்த செவித்திறனை ஆண்டவர் திரும்பத் தந்ததற்காக" என்று போதகர் ஒலிபெருக்கியில் வாசித்தார். சபை "ஆமென்" என்றது. நானும் சொன்னேன்.

கண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். மகள் அழுதுகொண்டு ஓடி வந்தாள். அவள் அம்மா இரண்டாவது நாளே அவளைத் திட்டி ரயிலேற்றினாள். நான் பாயிடம் இனி சீவ மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "பேஜார் புடிச்ச மனுசன் சார் நீங்க" என்றாரே தவிர, காரணம் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் மறுகோடிக்குப் போனேன். டி.வி.டி. வந்தபோது நல்லது என்றேன். அதைவிடப் பெரிய டிஸ்க் வந்தபோது இன்னும் நல்லது என்றேன். சத்தத்தைச் சுருக்கக் கூடாது, ஒரு நூல் கூடச் சுருக்கக் கூடாது என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் வாதாடினேன். பல வருடம் கழித்து, விளையாட்டு தயாரிக்கும் கம்பெனிக்கு மாறியிருந்த மகள், பெரிய டிஸ்க் போடும் புது விளையாட்டுப் பெட்டி ஒன்றை அம்மாவுக்கு வாங்கி வந்தாள். அதிலும் ஒரு சண்டை விளையாட்டு.

"இந்த டிஸ்க்குல பாதி வெறும் சத்தம்ப்பா. சுருக்காத சத்தம். எங்க ஆபீஸ்ல தினம் இதே சண்டைதான், இவ்ளோ தேவையா தேவையில்லையான்னு."

"தேவை" என்றேன்.

"நல்லா சுருக்கினா பத்துல ஒரு பங்கு எடம் போதும். ஒரு வித்தியாசமும் தெரியாது."

"தெரியும். சீவினா போய்டும்."

"யாருக்குத் தெரியும்? உங்களுக்கா?"

"உங்கம்மாவுக்கு."

மகள் சிரித்துக்கொண்டே தன் மடிக்கணினியை எடுத்தாள். ஒரு சண்டைக் காட்சியின் சத்தத்தை முழுதாக ஒன்று, சுருக்கியது ஒன்று என்று தயார் செய்தாள். அம்மாவின் தலையில் ஹெட்போனை மாட்டினாள். அந்த வருடங்களுக்குள் என் மனைவிக்குத் திரை ஒரு வெளிச்சக் கட்டமாக மட்டுமே தெரியும் நிலை வந்திருந்தது. காலடி எந்தப் பக்கம் போகிறது என்று அவள் விரலால் காட்ட வேண்டும். காட்டினாள். முழுச் சத்தத்திலும் சரியாகக் காட்டினாள். சுருக்கியதிலும் சரியாகக் காட்டினாள். மாற்றி மாற்றிப் போட்டும் ஒரு தடவையும் தவறவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. எது பெரிசு?" என்றாள்.

"பாத்தீங்களா அப்பா?" என்றாள் மகள். "சுருக்கறது குத்தமில்ல. கெடுக்கணும்னா வேற மாதிரிப் பண்ணணும். இதோ, ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா ஒட்டிட்டா..." விளையாட்டாகத்தான் அந்த மூன்றாவதைப் போட்டாள்.

என் மனைவியின் விரல் எழும்பி, எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. அவள் ஹெட்போனைக் கழற்றினாள். முகம் வெளுத்துவிட்டது.

"திரும்ப வந்துடுச்சுங்க" என்றாள் என்னைத் தேடி. "அப்ப வந்துச்சே, அதே மாதிரி. எல்லாம் நடுவுல கேக்குது. என் காது..."

"உன் காது நல்லாத்தான் இருக்குது" என்றேன். "அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

சொன்னேன். சந்தைக்குப் போன நாள், இடம் போதாமல் போனது, இல்லியே அதேதான் என்றது, மூன்று டிஸ்க், நூல் துணி, எல்லாவற்றையும் சொன்னேன்.  என் மனைவி வெகுநேரம் மடியில் ஹெட்போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கேம் போனாப் போவுது" என்றாள் கடைசியில். "சபைக்கு முன்னால என்னை நிக்க வெச்சீங்களே. பக்கத்துல நின்னு ஆமென் சொன்னீங்களே."



"அம்மா, காணிக்கைய திருப்பியா கேக்க முடியும்?" என்றாள் மகள், சூழ்நிலையை லேசாக்க.

"குடுத்தது குடுத்ததுதான். அது கெடக்கட்டும். இவரு எழுந்து சொல்லணும்."

அந்த ஞாயிறு அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் முன்னே போனோம். போதகர் புதியவர், காரணம் எதுவும் எழுதாத உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியை என்னிடமே கொடுத்தார். பெரிய பெரிய ஏற்றுமதி வியாபாரிகள் முன்னால் தோலைப் பற்றிப் பேசியவன் நான். அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது. என் மனைவிக்குச் செவி மங்கவே இல்லை என்றேன். ஒரு விளையாட்டில் இடப்பக்கச் சத்தத்தையும் வலப்பக்கச் சத்தத்தையும் நான் ஒன்றாக ஒட்டிவிட்டேன், கேட்டபோது இல்லை என்று சொன்னேன், பிறகு இங்கே வந்து ஆமென் சொன்னேன் என்றேன். சபைக்குப் பாதி புரியவில்லை. ஆமென் சொல்லலாமா என்று போதகருக்கும் தெரியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து, அவளோடு வார்டில் வேலை பார்த்த கிழவி ஒருத்தி உரக்கவே கேட்டாள்: "இன்னாது, சிஸ்டர் இந்த வயசுல சண்டை போடுதா?"

சிரிப்பு எழுந்தது. என் மனைவியும் சிரித்தாள் என்பதை முழங்கையில் உணர்ந்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டோம். முன்பு அவள் தடுமாறிய அதே படி வந்தது. நான் அரை அடி முன்னால் இறங்கிவிட்டுத் திரும்பி, "படி வருது" என்றேன்.

"தெரியும்" என்றாள். "உங்க செருப்பு எறங்கிடுச்சே."

கோபம் முழுதாகத் தீர்ந்த குரல் இல்லை அது. ஆனால் கையை எடுக்கவில்லை. நான் செருப்பை அழுத்தி அழுத்தி வைத்து நடந்தேன்.